பருப்பு ஏன் வேகவில்லை? பெங்களூருவில் பெரியவர்களுக்கான உணவு அறிவியல் மாலைகள்

பெங்களூருவில் சில ஆண்டுகளாக வாரநாள் மாலைகளில் ஒரு புதுவகைக் கூட்டம் நடக்கிறது. இந்திராநகரிலோ தோம்லூரிலோ ஓர் அரங்கு. நீள மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், தெர்மாமீட்டர், எடைத் தராசு, புளிப்புத்தன்மையை எண்ணில் காட்டும் பி.எச். காகிதம். பேச வந்தவர் உயிர்வேதியியல் படித்தவராக இருப்பார், அல்லது சமையல்காரர், அல்லது காபிக்கொட்டை வறுப்பவர். கேட்க வந்தவர்கள் முப்பது நாற்பது பேர், எல்லாருமே வேலைக்குப் போகிற வயது. ஒரு மாலைக்கு ஒரு பொருள்: ஒருநாள் புளிக்கவைத்தல், இன்னொருநாள் காபி, அடுத்து மிளகாய்க் காரம். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் செய்முறை, நாக்கில் வைத்துப் பார்ப்பது, கேள்வி பதில். ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும்.

இந்த மாலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இவற்றால் இந்த ஊருக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். அதனாலேயே இவற்றில் உள்ள ஒரு பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். உணவைப் பற்றி மிகக் கூர்மையான கேள்விகளை வைத்திருப்பவர்கள் தினம் இரண்டு வேளை அடுப்படியில் நிற்பவர்கள். அரங்கில் மிகக் குறைவாகக் காண்பதும் அவர்களைத்தான்.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, சாப்பாட்டை வைத்து அறிவியல் பேசுவது மிகப் பழைய காரியம். தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார். இறுக்கிப் பூட்டும் மூடி, உள்ளே அடைபட்ட நீராவி. எலும்பையே குழைய வைத்துவிடும் அழுத்தம். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க ஆவியை வெளியே விடும் வால்வையும் அவர்தான் அமைத்தார். 1682 ஏப்ரலில் சொசைட்டி உறுப்பினர்கள் சிலர் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்துக்குப் போனார்கள். போனவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மெத்தென்று ஆகிவிட்டதையும், அதற்கு எட்டு அவுன்ஸ் கரிகூட ஆகவில்லை என்பதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். விறகும் கரியும் மிச்சமாகும் என்பதுதான் அன்றைய பரபரப்பு. நம் வீட்டுக் குக்கரின் மூதாதை அறிமுகமானது இப்படி ஒரு மாலை விருந்தில்.

அதே லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் மைக்கேல் ஃபாரடே வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கிவைத்தார். மேடையிலேயே செய்து காட்ட வேண்டும் என்பது அங்கே மரபு. 1969 மார்ச்சில் அதே மேடையில் நிக்கோலஸ் குர்த்தி ஏறினார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர், மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். அன்று அவர் பேச எடுத்துக்கொண்டது சமையலறை. வெள்ளிக் கிரகத்தின் காற்று எவ்வளவு சூடு என்று அளக்கத் தெரிந்த நமக்கு, அடுப்பில் வைத்த சூஃப்லே என்ற முட்டைப் பலகாரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். அன்னாசிச் சாறு இறைச்சியை மென்மையாக்குவதை அவர் செய்து காட்டினார். நம் ஊரில் ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் சேர்ப்பதும் இதே வேலைதான்: அன்னாசியில் புரோமலைன், பப்பாளியில் பப்பைன், இரண்டுமே புரதத்தை வெட்டும் நொதிகள்.

1969-ல்தான் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் திறந்தார். பார்வையாளர் கைபட்டுத் திருகி, தள்ளி, ஊதிப் பார்க்க வேண்டிய அருங்காட்சியகம் அது. ஆனால் காலப்போக்கில் உலகம் முழுக்க இப்படிப்பட்ட இடங்கள் பிள்ளைகளுக்கானவை என்றாகிவிட்டன. நம் கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் முன்னால் ஓட, தண்ணீர் பாட்டிலும் பையுமாகப் பெற்றோர் பின்னால் நிற்பார்கள். பெரியவர்களை மறுபடி உள்ளே இழுக்க எக்ஸ்ப்ளோரடோரியம் கண்ட வழி, வியாழக்கிழமை இரவுகளை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் ஒதுக்குவது. லண்டன் சயின்ஸ் மியூசியமும் பெரியவர்களுக்கு மட்டுமான இரவுகளை நடத்துகிறது. இந்த இரவுகளில் உணவு திரும்பத் திரும்ப வரும் பொருள். காரணம் எளிது. கருந்துளையைப் பற்றிப் பேசினால் கேட்பவர் சும்மா உட்கார்ந்து கேட்கத்தான் முடியும். தோசையைப் பற்றிப் பேசினால் அறையில் உள்ள ஒவ்வொருவரிடமும் இருபது முப்பது வருட அனுபவம் இருக்கும், எதிர்க்கருத்தும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த வடிவம் என்றாலும், பெங்களூருவில் இதற்கு வேர் இல்லாமல் இல்லை. இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் துறை 1921-லேயே வந்துவிட்டது. அங்கே பேராசிரியராக இருந்த வி. சுப்பிரமணியன்தான் 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை 1950-களில் கண்டுபிடித்துக் கொடுத்த நிலையம் அது. பின்னாளில் காவிரி டெல்டாவின் ஈர நெல்லைக் காப்பாற்றுவதற்கான ஆய்வுக்குத் திருவாரூரில் அடித்தளம் போட்டவரும் சுப்பிரமணியன்தான்.

இதே கழகத்தில்தான் கமலா சோஹோனி படித்தார். 1933-ல் அவர் விண்ணப்பித்தபோது இயக்குநராக இருந்த சி.வி. ராமன், பெண் என்ற காரணத்தால் இடம் தர மறுத்தார். கமலா விடவில்லை; நேரில் வந்து வாதாடி, நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சேர்ந்தார். அவர் இங்கே ஆராய்ந்தது என்ன தெரியுமா? பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்கள். இந்தியச் சமையலறையின் நடுநாயகமான பொருள்களை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பெண், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இன்றைக்கு இடங்களுக்கும் பஞ்சமில்லை. பெல்லாரி சாலையில் 2024 ஜனவரியில் சொந்தக் கட்டடத்தில் திறந்த சயின்ஸ் கேலரி, சிறு பிள்ளைகளைத் தாண்டி இளைஞர்களையும் பெரியவர்களையும் குறிவைக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தோம்லூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரில் மாலைப் பேச்சுகள் பெரும்பாலும் இலவசம். அம்பேத்கர் வீதியில் காபி வாரியத்தின் தலைமையகம் இருக்கிறது. காபி ருசி பார்க்கவும் வறுக்கவும் முறையாகச் சொல்லித்தரும் பயிற்சிகளை அது நடத்துகிறது. இவை போக, காபிக் கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் தாங்களாகவே நடத்துபவை ஏராளம்.

நல்ல மாலை எப்படி நடக்கும்? நான் பார்த்ததில் மிகச் சிறந்த தொடக்கம் சீரக மிட்டாயை வைத்து. ஆளுக்கு இரண்டு மிட்டாய். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டு மெல்லச் சொல்வார்கள். இனிப்பு தெரியும், கரகரப்பு தெரியும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது சீரகமா சோம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது மூக்கை விடுங்கள் என்பார்கள். ஒரு நொடியில் வாசம் தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்கில் ஏறும், அறை முழுக்க ஒரு ‘ஓ’ எழும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, உவர்ப்பு, புளிப்பு, கசப்பு, தக்காளியிலும் காளானிலும் உள்ள அந்தச் சாறுச் சுவை, இப்படி ஒரு சில. மீதி அத்தனையும் மூக்கின் வேலை. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் மரபணுக்களை 1991-ல் அடையாளம் காட்டிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. சளி பிடித்த அன்று ரசம் சப்பென்று இருப்பது ஏன் என்று அதற்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரசத்தின் காரம் மட்டும் அன்றைக்கும் தெரியும், ஏனென்றால் மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் தொடுவது சூட்டை உணரும் நரம்பு முனைகளை. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பெற்றார்.

மணத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் விடக்கூடாது. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பழ ஈக்களை வைத்து, சுவையும் மணமும் நரம்புக்கு எப்படிப் போகின்றன என்று வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் சேர்ந்து ஆராய்ந்த ஒபைத் சித்திக்கிதான், பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை நிறுவிய முதல் இயக்குநர். மூக்கைப் பற்றிய உலகத் தரமான ஆராய்ச்சி நம் ஹெப்பாளுக்கு அப்பால் நடப்பது ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

நான் எதற்காக இந்த மாலைகளை இவ்வளவு மதிக்கிறேன் என்பதை விளக்க ஒரு கேள்வி போதும். ஒரு குடியிருப்பின் சங்கக் கூடத்தில் நடந்த கூட்டம் அது. வாசலிலேயே நடந்ததால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். பேச்சு முடிந்து கேள்வி நேரம். ஒரு வயதான அம்மா எழுந்தார். “தம்பி, டேங்கர் தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது. ஆறு விசில் விட்டாலும் முழிச்சுக்கிட்டு நிக்குது. காவேரித் தண்ணியில மூணு விசில்ல குழைஞ்சுடுது. பருப்பு அதே பருப்புதான். ஏன்?” பேசிய இளைஞர் உடனே பதில் சொல்லவில்லை. “அம்மா, நீங்க பாதி ஆராய்ச்சியை முடிச்சுட்டீங்க” என்று சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு அந்த இரண்டு தண்ணீரிலும் ஒவ்வொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் நடந்தது இது. இரண்டு தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் ஊற்றி, துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினார்கள். காவேரித் தண்ணீரில் நுரை பொங்கி நின்றது. டேங்கர் தண்ணீரில் நுரை எழாமல், மேலே தயிர்த்திரி போல வெள்ளைப் பிசுக்கு மிதந்தது. அதுதான் கடின நீர்; கால்சியமும் மக்னீசியமும் கரைந்தது. பிறகு நான்கு சின்னப் பாத்திரங்களில் ஒரே அளவு துவரம்பருப்பு. ஒன்றில் காவேரி நீர், ஒன்றில் டேங்கர் நீர், மூன்றாவதில் டேங்கர் நீரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடா, நான்காவதில் காவேரி நீரோடு புளிக்கரைசல். குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். சோடா போட்டது முதலில் குழைந்தது, அடுத்து காவேரி. டேங்கர் நீரில் வெந்தது பிசைய முடியாமல் மணல் மணலாக நின்றது. புளி போட்டது கடைசிவரை முழுசாகவே இருந்தது.

காரணம் பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் செல்கள் பிரிந்து பருப்பு குழையும். கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையின் இழைகளுக்கு நடுவே புகுந்து முடிச்சுப் போட்டுவிடுகின்றன. முடிச்சு விழுந்த பெக்டின் லேசில் கரையாது. சோடாவின் காரத்தன்மை பெக்டினை உடைக்கிறது, அதனால் சீக்கிரம் வேகிறது. ஆனால் அது பருப்பில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கிறது, ஆகவே தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. புளியின் அமிலம் இதற்கு நேரெதிர், பெக்டினைக் கரையவிடாமல் பிடித்து வைக்கும். சாம்பாருக்குப் பருப்பைத் தனியே குழைய வேகவைத்துவிட்டுப் பிறகு புளித்தண்ணீரில் சேர்ப்பது ஏன் என்று அந்த நான்காவது பாத்திரம் வாய்திறந்து சொன்னது.

பெங்களூருவில் இது ஊர் முழுக்க உள்ள பிரச்சினை. காவேரி நீர் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை அந்தப் பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கரையும் நம்பியே இருந்தன. இன்னும் பல தெருக்கள் அப்படித்தான். பாறைக்குள் பல நூறு அடி ஆழத்திலிருந்து வரும் நீரில் உப்புகள் நிறைந்திருக்கும். கூட்டத்தில் சொன்ன தீர்வுகளும் எளியவை. ஆர்.ஓ. நீர் இருந்தால் பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் தண்ணீரை முதல்நாள் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைப் படிவைக் கலக்காமல் தெளிவை இறுத்துக்கொள்ளலாம். கடினத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பழைய பருப்பு தண்ணீர் எதுவானாலும் வேகாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பருப்பில், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் சிதைந்து, அவை உள்ளிருந்தே பெக்டினுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

ஊரின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் திறந்த பாத்திரத்தில் வெந்த பருப்பு இங்கே கூடுதல் நேரம் கேட்பதில் வியப்பில்லை. குக்கர் மூடி வெயிட் போட்டால் சென்னையில் உள்ளே 120 டிகிரியை ஒட்டி ஏறும், இங்கே அதிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். குக்கர் வந்தபின் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவருபவர்கள் முதல் டிசம்பரிலேயே கேட்கும் கேள்வி இன்னொன்று: மாவு ஏன் பொங்கவில்லை? இதற்கும் நல்ல விடை இருக்கிறது. உளுந்தோடும் அரிசியோடும் வரும் லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் மாவில் முதலில் பெருகுகிறது. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிடுவது அதுதான். பின்னால் வரும் மற்றவை புளிப்பைக் கூட்டுகின்றன; மாவின் பி.எச். 6-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 4.5 பக்கம் இறங்கும். அந்த வாயுவை வெளியே ஓடவிடாமல் சிறைப்பிடிப்பது உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பைத் தரும் அராபினோகேலக்டன் என்ற கூட்டுச்சர்க்கரையும். கிரைண்டரில் உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெகுநேரம் ஆட்டுவது வீண்வேலை கிடையாது. அந்தக் கொழகொழப்பு எழும்பினால்தான் குமிழ்கள் நிற்கும். இத்தனைக்கும் 30 டிகிரியை ஒட்டிய சூடு உகந்தது. மதுரையில் ராத்திரி சும்மா வைத்தாலே அது கிடைக்கும். பெங்களூரு ஜனவரி இரவு 15 டிகிரிக்கு இறங்குகிறது. மாவு கெட்டுப்போகவில்லை, பாக்டீரியா மெதுவாக வேலை செய்கிறது. இரண்டு நேர்ச்சுவர்க் கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் மாவை ஊற்றி, மாவின் மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டைப் போட்டு, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் ஒன்றும் சமையல் மேடைமேல் ஒன்றுமாக வைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கான கணக்கு கிடைத்துவிடும். இந்த ஊரில் புளிக்கவே தேவையில்லாத இட்லியும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் ரவையை வைத்து ரவா இட்லி பிறந்தது என்பது எம்.டி.ஆர். உணவகத்தின் வரலாறு. தயிரின் அமிலமும் சோடாவும் சந்தித்தால் வாயு நிமிடங்களில் வந்துவிடும், ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

காபியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குத்தான் இந்த ஊரில் கூட்டங்கள் மிக அதிகம். காபித்தூளின் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம்தான் வெந்நீரில் கரையக்கூடியது. புளிப்பும் மணமும் முதலில் இறங்கும், கசப்பும் துவர்ப்பும் பின்னால். பில்டரில் இரண்டாம் டிகாஷன் ஏன் மணமில்லாமல் கசக்கிறது என்பதற்கு இதுதான் பதில். சிக்கரியில் காஃபீன் இல்லை. அதில் உள்ள இனுலின் வறுபடும்போது கருகிய சர்க்கரை மணத்தைத் தருகிறது, வெந்நீரில் காபியைவிட மிக அதிகமாகக் கரைந்து டிகாஷனைக் கெட்டியாக்குகிறது. கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

இந்த மாலைகள் எல்லாமே இப்படி நன்றாக இருப்பதில்லை. சிலவற்றில் உணவு அறிவியல் என்ற பெயரில் உடலைச் ‘சுத்தம்’ செய்யும் பானமும், எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக ஒரு சிறுதானியமும் மேடையேறிவிடுகின்றன. கேழ்வரகை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் 360 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது 10-ஐத் தாண்டுவதே அரிது. இது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அளந்து வெளியிட்ட உண்மை, தயங்காமல் சொல்லலாம். ஆனால் தின்றதெல்லாம் அப்படியே உடலில் சேராது, ஃபைட்டேட் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும் என்பதையும் சேர்த்துச் சொல்பவரே நல்ல பேச்சாளர். அஜினமோட்டோ பற்றிய பயமும் இப்படித்தான். அதில் இருப்பது 1908-ல் ஜப்பானில் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்; தக்காளியில் இயல்பாகவே உள்ளதும் அதே பொருள்தான். பேச்சாளர் மேடையில் ஏதாவது விற்கிறாரா என்பதை முதலில் கவனியுங்கள் என்பதே என் அறிவுரை.

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன். கூட்டம் ஏழு மணிக்கு. சிவாஜிநகரிலும் மர்பி டவுனிலும் ஈஜிபுராவிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழ் வீடுகளில் அந்த நேரத்தில்தான் ராத்திரிச் சமையல் நடக்கிறது. சமைப்பவர் பெரும்பாலும் பெண். அவர் கிளம்ப வேண்டுமானால் வேறு யாராவது அடுப்பைக் கையிலெடுக்க வேண்டும், அது பல வீடுகளில் இன்னும் நடப்பதில்லை. வேலைக்குப் போய்த் திரும்புபவராக இருந்தால் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரும் நேரம் அது. இது போதாதென்று மொழி. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் ஓடும். கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் கன்னடமோ தமிழோ தெலுங்கோ பேசுபவர்களாக இருந்தாலும் கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும் என்ற எழுதாத விதி ஒன்று நிலவுகிறது. ‘முழிச்சுக்கிட்டு நிக்குது’ என்று அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லியிருந்தால் அவர் எழுந்தே இருக்கமாட்டார். நான்கு பாத்திரப் பரிசோதனையும் நடந்திருக்காது.

இடமும் ஆளும் நம்மிடம் இருக்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள, 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்துக்கு அரங்கு உண்டு, நூலகம் உண்டு, மாலைக் கூட்டத்துக்குப் பழகிய மக்கள் உண்டு. இந்திய அறிவியல் கழகத்திலும் என்.சி.பி.எஸ்.ஸிலும் தமிழில் சரளமாகப் பேசக்கூடிய ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர். இதே ஊரின் கன்னடக் கூடங்களில் கன்னடத்தில் இதையே செய்யலாம். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நம்மில் ஏராளம், ஒரே கூட்டத்தை இரு மொழியில் நடத்தவும் முடியும். நேரத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றினால் மட்டுமே பாதிப்பேர் கூடுதலாக வருவார்கள் என்று நினைக்கிறேன். மதியச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவி, ராத்திரிச் சமையல் தொடங்காத இடைவெளி அது. மேடைக்கு ஒருவர் மட்டும் போதாது: ஆராய்ச்சி மாணவர் ஒருவரும், நாற்பது வருடம் சமைத்தவர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

செலவும் பெரிதில்லை. கால் கிலோ துவரம்பருப்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு, நான்கு பாத்திரம், ஒரு மின் அடுப்பு, சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று, பி.எச். காகிதம் ஒரு கட்டு. கேள்விகளை முன்கூட்டியே சேகரித்துவிடுவது நல்லது, கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படுபவர்களின் கேள்விகளும் வந்து சேரும். என் தெருவில் கேட்டவரைக்கும் வந்தவை சில: பச்சைக் காய்கறி மூடி போட்டால் ஏன் நிறம் மங்குகிறது, குளிர்காலத்தில் உறை ஊற்றிய தயிர் ஏன் கெட்டியாகாமல் நூல்விடுகிறது, வடைக்கு அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் ஏன் எண்ணெய் குடிக்கிறது, நல்லெண்ணெயில் போட்ட ஊறுகாய் எப்படி வருடக்கணக்கில் நிற்கிறது. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: கொதிக்கும்போது காயிலிருந்து ஆவியாகும் அமிலங்கள் மூடியில் பட்டு மறுபடி உள்ளே விழுந்து பச்சையத்தின் மக்னீசியத்தைப் பிடுங்கிவிடுகின்றன, முதல் சில நிமிடம் திறந்து வையுங்கள். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.